மெட்ரிக் அளவுகள்: ஒரு எண்ணெய் பாக்கெட்டிலிருந்து தொடங்குவோம்

சமையலறைக்குப் போய் ஒரு எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நிகர அளவு போட்டிருக்கும் இடத்தில் "1 லிட்டர்" என்று இருக்கும். பக்கத்திலேயே "910 கிராம்" என்றும் இருக்கும். ஒரே பாக்கெட், ஒரே எண்ணெய். பிறகு எதற்கு இரண்டு அளவு? அதுவும் ஏன் 910? லிட்டருக்கும் கிராமுக்கும் என்ன சம்பந்தம்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மெட்ரிக் அளவு முறையில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

பள்ளியில் நமக்கு இதை வாய்ப்பாடாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 10 மில்லிமீட்டர் 1 சென்டிமீட்டர், 100 சென்டிமீட்டர் 1 மீட்டர், 1000 மீட்டர் 1 கிலோமீட்டர். மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் எழுதினோம், மறந்தோம். மெட்ரிக் என்றால் பத்து பத்தாகப் பெருக்குவது, அவ்வளவுதான் என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். பத்தால் பெருக்குவது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறொன்றை. நீளம், கொள்ளளவு, எடை மூன்றையும் இந்த முறை ஒரே நூலில் கோத்து வைத்திருக்கிறது. ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டும் கையோடு வரும்.

ஒரு அட்டையில் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 10 செ.மீ., அகலம் 10 செ.மீ., உயரம் 10 செ.மீ. கிட்டத்தட்ட ஒரு பெரிய மாதுளம்பழம் உள்ளே உட்காரும் அளவு. அதில் பிடிக்கும் தண்ணீர் 1 லிட்டர். அந்தத் தண்ணீரை எடை போட்டால் 1 கிலோ. பெட்டியைச் சின்னதாக்கி, பக்கத்துக்கு 1 செ.மீ. வைத்தால் ஒரு தாயக்கட்டை அளவு வரும். அதில் பிடிப்பது 1 மில்லிலிட்டர், எடை 1 கிராம். பெரிதாக்கி, பக்கத்துக்கு 1 மீட்டர் வைத்தால் 1000 லிட்டர், எடை 1000 கிலோ, அதாவது 1 டன். மொட்டை மாடியில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். தொட்டி நிரம்பியதும் ஒரு சின்ன கார் அளவு பாரம் மாடியில் ஏறி நிற்கிறது.

இந்தக் கணக்கு தண்ணீருக்கு மட்டும்தான் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் வரும். பால் கொஞ்சம் கனம், லிட்டருக்கு ஏறக்குறைய 1030 கிராம். சரி, இதனால் நமக்கு என்ன? கடையில் 15 கிலோ டின்னும் விற்கிறது, 15 லிட்டர் டின்னும் விற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. 15 லிட்டர் டின்னில் இருப்பது 13 கிலோ 650 கிராம் எண்ணெய்தான். விலையை ஒப்பிடும்போது டின்னின் மேல் எழுதியிருக்கும் அலகையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்தது முன்னொட்டுகள். மீட்டர், கிராம், லிட்டர், வாட் என்று அடிப்படை அலகு எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரே சொற்கள்தான் வந்து ஒட்டும். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று, சென்டி நூறில் ஒன்று, கிலோ ஆயிரம் மடங்கு. சிறிதாக்கும் மில்லியும் சென்டியும் லத்தீனிலிருந்து வந்தவை, பெரிதாக்கும் கிலோவும் ஹெக்டோவும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. கைப்பேசியில் மெகா, கிகா என்று நாம் சொல்வதும் இதே வரிசையின் தொடர்ச்சிதான். மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1000 வாட் அயர்ன்பாக்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

மருந்து பாட்டிலில் மட்டும் ஒரு இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பில் "5 மி.லி.யில் 250 மி.கி." என்று போட்டிருக்கும். வேறொரு பாட்டிலில் "5 மி.லி.யில் 125 மி.கி." என்று இருக்கும். மி.லி. என்பது ஊற்றும் திரவத்தின் அளவு. மி.கி. என்பது அதற்குள் கரைந்திருக்கும் மருந்தின் எடை. இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு ஊற்றினாலும் முதல் பாட்டிலில் உள்ளே போகும் மருந்து இரண்டு மடங்கு. "போன தடவை அஞ்சு எம்.எல். கொடுத்தோம், இப்பவும் அதையே கொடுக்கலாம்" என்று பாட்டிலைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. அப்புறம், வீட்டு ஸ்பூன் எல்லாம் 5 மி.லி. கிடையாது. பாட்டிலோடு வரும் மூடியிலோ, கோடு போட்ட அளவுக் குழாயிலோதான் ஊற்ற வேண்டும்.

பரப்புக்கு வந்தால் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு கல் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை சதுர செ.மீ.? நூறு என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் நீளத்திலும் நூறு, அகலத்திலும் நூறு என்பதால் விடை 10,000. கன மீட்டருக்குப் போனால் மூன்று பக்கமும் நூறு, ஆக 10 லட்சம் கன செ.மீ. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் நிலக் கணக்கு பாதி எளிதாகிவிடும்.

நிலம் என்றதும் பட்டாவைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் பேச்சில் எல்லாம் சென்ட், ஏக்கர், கிரவுண்டு. ஆனால் கிராமத்து நிலத்தின் பட்டாவைப் பார்த்தால் "ஹெக் - ஏர்" என்று இருக்கும், அதன் கீழே "0 - 12.50" மாதிரி ஓர் எண். ஏர் என்ற சொல்லைப் பார்த்து உழும் ஏர் என்று நினைத்துவிட வேண்டாம். அது பிரெஞ்சிலிருந்து வந்த ஒரு மெட்ரிக் அலகு. பக்கத்துக்கு 10 மீட்டர் உள்ள சதுரம் ஒரு ஏர், அதாவது 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். நூறைக் குறிக்கும் ஹெக்டோவும் ஏரும் சேர்ந்துதான் ஹெக்டேர் என்ற பெயரே வந்தது. ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக "0 - 12.50" என்றால் பன்னிரண்டரை ஏர், 1250 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் கிட்டத்தட்ட 30.9. விற்கிறவர் 32 சென்ட் என்று சொல்லி, பட்டாவில் 0 - 12.50 என்று இருந்தால், அங்கேயே நிறுத்திக் கேட்கலாம். இந்த ஒரு பெருக்கல் தெரியாமல் பத்திரப் பதிவு வரை போய் அப்புறம் தகராறில் நின்றவர்களை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு மழைக் கணக்கு. "நுங்கம்பாக்கத்தில் 7 சென்டிமீட்டர் மழை" என்று செய்தியில் சொல்வார்கள். மழையை எப்படி சென்டிமீட்டரில் அளப்பது என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். பெய்த தண்ணீர் ஓடாமல், உறிஞ்சாமல், ஆவியாகாமல் தரையில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் அந்த அளவு. இதில் ஒரு அழகு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால், கிடைக்கும் தண்ணீர் சரியாக 1 லிட்டர். ஒரு மீட்டரை ஒரு மீட்டரால் பெருக்கி, மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தால் பெருக்கினால், கன மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. கன மீட்டருக்கு 1000 லிட்டர் என்று மேலே பார்த்தோம். அவ்வளவுதான்.

இனி உங்கள் மொட்டை மாடிக்கு வாருங்கள். 1000 சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 7 செ.மீ. மழை என்பது 70 மி.மீ. 93ஐ 70ஆல் பெருக்கினால் 6,510 லிட்டர். ஒரே மழையில், ஒரே மாடியில்! சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1400 மி.மீ. மழை பெய்கிறது. அதே மாடியில் ஒரு வருடத்துக்கு 1,30,000 லிட்டர் விழுகிறது, 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் பத்து லாரிக்கு மேல். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை வெறும் சட்டமாகப் பார்த்தவர்கள்கூட, இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தால் குழாயை எங்கே திருப்பிவிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அடியிலும் அங்குலத்திலும் இதே கணக்கைப் போட்டால் 12ஆல் வகுத்து, 28.3ஆல் பெருக்கி, நடுவில் எங்கோ தொலைந்துபோவோம்.

அணைக் கணக்கில் நாம் இன்னும் அப்படித்தான் தொலைந்துபோகிறோம். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று எல்லோருக்கும் வாயில் வரும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக ஒரு டி.எம்.சி.யில் ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர் தண்ணீர். மேட்டூர் முழுக்க நிரம்பினால் நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள பெட்டியால் அளந்தால் இரண்டரைப் பெட்டிக்குச் சற்று மேல். காவிரிச் செய்திகளைத் தினமும் படிக்கிற நாம், அந்த எண்களைத் தண்ணீராக உணர முடியாமல் போவதற்கு இந்த அலகும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வினாடிக்கு 10,000 கன அடி திறப்பு என்று படித்தால் அது வினாடிக்கு 283 டன் தண்ணீர் என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மதகு கண்முன் தெரியும்.

இத்தனை சொன்னதால் நம் பழைய அளவுகள் மட்டம் என்று அர்த்தமில்லை. பழைய முறை பெரும்பாலும் பாதி பாதியாகப் போகும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஏன் பாதி? தராசு இல்லாமலே ஒன்றைச் சரிபாதியாகப் பிரிக்கக் கண்ணுக்கும் கைக்கும் முடியும். பத்தாகப் பிரிக்க முடியாது. தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பதும் இதே தர்க்கம்தான். அரை, கால், அரைக்கால் என்று மடித்துக்கொண்டே போனால் எட்டு வந்துவிடும். சந்தையில், களத்துமேட்டில், கையில் ஒரு பாத்திரம் மட்டும் இருக்கும்போது அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

அரசர்களும் அளவைச் சும்மா விட்டுவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், நெல் அளக்க "ஆடவல்லான்" என்ற மரக்கால், பொன் நிறுக்க "ஆடவல்லான்" என்ற கல், நகை நிறுக்க "தட்சிணமேரு விடங்கன்" என்ற கல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். எந்த அளவால் கொடுத்தோம் என்று பதிவு செய்யாவிட்டால் கொடுத்தது எவ்வளவு என்றே பின்னால் தெரியாது என்பதை ராசராசன் காலத்து அதிகாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் யாரும் போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஊருக்கு ஊர் மாறியது. ஒரு ஊர் படி இன்னொரு ஊர் படி இல்லை. அதிலும் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்று ஒரு கேள்வி இருந்தது. வாங்கும்போது குவித்து, கடன் கொடுக்கும்போது தலைதட்டி அளந்தால், ஏமாற்றியதாக நிரூபிக்கவும் முடியாது. இரண்டுமே "ஒரு படி"தான். பாதிக்கப்பட்டது எப்போதும் அளக்கும் பாத்திரம் கையில் இல்லாதவர்.

இதே வேதனைதான் பிரான்சிலும் இருந்தது. மெட்ரிக் முறை பிறந்த இடம் அதுதான். ஊருக்கு ஓர் அளவு, பிரபுவுக்கு ஓர் அளவு. குத்தகை நெல்லை வாங்குவது போலவே அங்கே கோதுமையைப் பிரபுவின் பாத்திரத்தால் அளந்து வாங்கினார்கள். 1789இல் மக்கள் தங்கள் குறைகளை எழுதிக் கொடுத்தபோது, நாடு முழுக்க ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. புரட்சி வந்தது. புதிய அளவை எதிலிருந்து எடுப்பது? ஒரு ராஜாவின் கையையோ காலையோ வைத்தால் மறுபடியும் அது யாரோ ஒருவருடைய அளவாகிவிடும். 1791இல் அறிவியல் கழகத்தின் குழு ஒரு முடிவுக்கு வந்தது. பூமியையே அளப்போம். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமி எல்லோருக்கும் பொது.

துருவத்திலிருந்து யாரும் நடந்து அளக்க முடியாது. அதனால் வடக்கே டன்கிர்க்கில் தொடங்கித் தெற்கே ஸ்பெயினின் பார்சிலோனா வரை உள்ள தூரத்தை அளந்து, மீதியைக் கணக்கிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. தெலாம்பர், மெஷான் என்ற இரண்டு வானியலாளர்கள் 1792இல் கிளம்பினார்கள். சர்ச் கோபுரத்திலிருந்து மலை உச்சிக்கும், அங்கிருந்து அடுத்த கோபுரத்துக்கும் கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டே போனார்கள். புரட்சி நடந்துகொண்டிருந்த நாட்டில் தொலைநோக்கியோடு கோபுரத்தில் ஏறி நிற்பவனை யார் நம்புவார்கள்? தெலாம்பரை ஒற்றன் என்று சந்தேகித்துப் பிடித்து வைத்தார்கள். ஒரு வருடத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஏழு வருடம் இழுத்தது.

மெஷானின் கதைதான் எனக்கு மனதை உறுத்துவது. பார்சிலோனாவில் அவர் எடுத்த இரண்டு அளவீடுகள் ஒன்றோடொன்று மிகச் சிறிய அளவில் ஒத்துப்போகவில்லை. அதை வெளியே சொல்லாமல் மறைத்தார். மறைத்த பாரம் கடைசிவரை அவரை விடவில்லை. அளவீட்டை நீட்டித்துச் சரிசெய்யலாம் என்று மறுபடியும் ஸ்பெயினுக்குப் போனவர், 1804இல் அங்கேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். உண்மையில் அவர் தவறு பெரிதாக எதையும் பாதிக்கவில்லை. மீட்டர் நினைத்ததைவிட 0.2 மி.மீ. குட்டையாகிப்போனதற்கு முக்கியக் காரணம், பூமி துருவப் பக்கம் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று அன்று வைத்துக்கொண்ட கணக்கு. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,000 கி.மீ. வர வேண்டிய இடத்தில் 10,002 கி.மீ. வருவது அதனால்தான்.

1795இல் மீட்டர், லிட்டர், கிராம் என்ற பெயர்கள் சட்டத்தில் ஏறின. ஒரு லிட்டர் தண்ணீரின் எடையைக் கிலோவாக வைத்து, 1799இல் பிளாட்டினத்தில் ஒரு மீட்டர் கோலும் ஒரு கிலோ உருளையும் செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள். மக்கள் பார்த்துப் பழக வேண்டும் என்று பாரிஸ் தெருச் சுவர்களில் பளிங்கில் மீட்டர் அளவைப் பதித்தார்கள். வோழிரார் தெருவில் அதில் ஒன்று இன்றும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நம் கோயில் சுவர்க் கோலை நினைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் உலகம் சின்னதாகத் தெரியும். அப்படியும் மக்கள் உடனே ஏற்கவில்லை. நெப்போலியன் 1812இல் பழைய பெயர்களை மறுபடி அனுமதித்தார். 1840 தொடக்கத்தில்தான் பிரான்சிலேயே மெட்ரிக் முழுக் கட்டாயமானது. 1875இல் 17 நாடுகள் சேர்ந்து மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

இந்தியாவுக்கு அது வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. முதலில் மாறியது காசு. 1957 ஏப்ரல் 1 அன்று, 16 அணா ஒரு ரூபாய் என்பது போய், 100 நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆனது. அணா போய் இத்தனை காலம் ஆகியும் 25 பைசாவை நாலணா, 50 பைசாவை எட்டணா என்று சொன்ன தலைமுறை நம்மோடு இருக்கிறது. எடைக்கான சட்டம் 1956இல் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தன. வீசையும் பலமும் சேரும் போயின. ஒரு வீசைக்கு 40 பலம், ஒரு மணங்குக்கு 8 வீசை என்று மனக்கணக்கில் பேசிய மளிகைக்காரர்கள் சில வருடங்களில் எல்லாவற்றையும் மாற்றிப் படித்தார்கள். அந்த உழைப்பை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை.

முழுதாக மாறிவிட்டோமா என்றால் இல்லை. பூ முழத்தில், உயரம் அடியில், தங்கம் சவரனில். அதில் சவரன் நைசாக மெட்ரிக்குக்குள் வந்துவிட்டது. ஒரு சவரன் என்று நாம் கணக்குப் போடுவது 8 கிராம். காய்ச்சலை வீட்டில் ஃபாரன்ஹீட்டில்தான் சொல்கிறோம். "நூத்தியொண்ணு இருக்கு" என்றால் அம்மாக்களுக்குப் புரியும், 38.3 என்றால் புரியாது. இன்னொரு பக்கம், "கால் கிலோ", "அரை லிட்டர்" என்று நாம் கேட்பதில் பழைய பாதி பாதிக் கணக்கு மெட்ரிக்கின் தோளில் ஏறிப் பயணம் செய்கிறது. எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. முழத்தில் விற்ற பூவால் யாருக்கும் ஆபத்தில்லை.

ஆபத்து, இரண்டு முறைகள் ஒரே கணக்கில் கலக்கும்போது வருகிறது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குக் கிளம்பியது. ஏர் கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் இருப்பதைக் குச்சி விட்டு அளந்து கணக்குப் போட்டார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. தொட்டியில் ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.803ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77ஆல். அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண். விடையைக் கிலோ என்று நினைத்துக்கொண்டார்கள். சுமார் 20,000 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் ஊற்றியது 5,000 லிட்டருக்கும் குறைவு.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, சில நிமிடங்களில் இரண்டு எஞ்சினும் நின்றன. விமானி ராபர்ட் பியர்சன் பொழுதுபோக்காக கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்தப் பழக்கம் அன்று அத்தனை பேர் உயிரையும் காப்பாற்றியது. எஞ்சின் இல்லாத அந்தப் பெரிய விமானத்தை கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார். அங்கே அன்று கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் உயிரிழக்கவில்லை. 1999இல் நாசாவின் செவ்வாய்ச் சுற்றுக்கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசையை பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, மறுமுனை அதை விசையின் மெட்ரிக் அலகான நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நான்கரை மடங்கு வித்தியாசம். கலம் செவ்வாய்க்கு மிக அருகில் போய் அழிந்தது.

அமெரிக்கா இன்னும் அங்குலத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். அன்றாடப் புழக்கத்தில் ஆமாம். ஆனால் அந்த அங்குலத்தின் சட்டபூர்வ விளக்கமே 2.54 செ.மீ. என்பதுதான். 1893இலேயே கெஜத்தையும் பவுண்டையும் மீட்டர், கிலோவை வைத்து வரையறுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேலே சட்டை மாறினாலும் உள்ளே எலும்புக்கூடு மெட்ரிக்.

கடைசியாகக் கிலோவின் கதை. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து, 39 மி.மீ. உயரம், 39 மி.மீ. விட்டத்தில் செய்த ஒரு உருளையை 1889இல் உலகத்துக்கான கிலோவாக ஏற்று, பாரிஸ் அருகே செவ்ரில் நிலவறையில் பூட்டி வைத்தார்கள். உலகத்தில் கிலோ என்றால் அதுதான். நாடுகளுக்கு நகல்கள் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு வந்தது 57ஆம் எண், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு வருடம் கழித்து மூலத்தையும் நகல்களையும் ஒப்பிட்டபோது ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. சின்னதுதான். ஆனால் எது மாறியது என்று சொல்ல வழியே இல்லை. மூலம் இளைத்திருந்தாலும், விளக்கப்படி அதுதான் சரியான கிலோ!

மீட்டருக்கு இந்தச் சிக்கல் முன்பே தீர்ந்திருந்தது. 1983இலிருந்து, வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் போகிறது என்று நிலையாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து மீட்டரை எடுக்கிறார்கள். 2019 மே 20இலிருந்து கிலோவும் அப்படித்தான். பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத எண் ஒன்றை நிலையாக வைத்து அதிலிருந்து கிலோவைப் பெறுகிறார்கள். செவ்ரில் இருக்கும் உருளையை நாளை யாராவது கீழே போட்டாலும் உங்கள் அரைக்கிலோ தக்காளி மாறாது.

இதையெல்லாம் படித்த வாரத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பித்தளைப் படிகளை இறக்கினேன். ஒன்று எங்கள் வீட்டுடையது, இன்னொன்று என் மனைவி வீட்டிலிருந்து வந்தது. சமையலறை எலக்ட்ரானிக் தராசில் வெறும் படியை வைத்து, எண்ணைச் சைபராக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். எங்கள் படியில் 1 கிலோ 630 கிராம். தண்ணீர் என்பதால் அப்படியே 1.63 லிட்டர், வேறு கணக்கே வேண்டாம். மனைவி வீட்டுப் படியில் 1 கிலோ 350. கால் லிட்டருக்கு மேல் வித்தியாசம்! "உங்க அம்மா சொன்ன அளவைத்தானே என் படியால் அளந்து போட்டேன்" என்று கல்யாணமான புதிதில் சாதம் பற்றாமல் போன நாட்களை அவள் நினைவுபடுத்தினாள். இரண்டின் அடியிலும் மார்க்கர் பேனாவால் லிட்டர் அளவை எழுதி வைத்திருக்கிறேன்.